சாமிக்கு ஒரு மறைப்பு

கொட்டச்சேடு என்ற மலையூருக்குப் பக்கத்தில், காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு சமணத் தீர்த்தங்கரர் சிலை அமர்ந்திருக்கிறது. ஊருக்கு அது முனியப்பன். வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குச் சமணம் கற்பிக்கும் எங்கள் கோடை வகுப்பிலிருந்து மார்த்தாவை அழைத்து வந்திருக்கிறேன். போலந்துக்காரி. குஜராத்துச் சமணத்தை ஆராய்வதா, தமிழ்நாட்டுச் சமணத்தையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வந்த நேரம் சரியில்லை. எதிரே இருக்கும் கருப்பனுக்குச் சேவல் அறுக்கப் போகிறார்கள். கொல்லாமையைப் படிக்க வந்தவளிடம் என்ன சொல்வது?

எஸ்டேட்டில் வேலை செய்யும் செல்வி, சிலைக்கு முன்னால் ஒரு வேட்டியைத் திரைபோல் விரித்து ஒரு முனையைப் பிடித்திருக்கிறார்.

"எதுக்குங்க மறைக்கிறீங்க?" என்று கேட்கிறேன்.

"இந்தச் சாமி ரத்தம் பாக்காதுங்க. ஏன்னு தெரியாதுங்க. எப்பவும் மறச்சுட்டுத்தான் அறுப்போம்."

மார்த்தாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறேன். மூடுபனி இறங்குகிறது. செடிகள், சேவல், கருப்பன் எல்லாம் வெள்ளைக்குள் மெல்லக் கரைகின்றன.

"அதான் பனியே மறச்சிருச்சே," என்கிறேன்.

"பனிய நம்ப முடியாதுங்க. வெலகிரும்."

வேட்டியின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இன்னும் வரவில்லை. மார்த்தா கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி என்னிடம் நீட்டுகிறாள். போய் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு, சிலையின் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறாள்.

குஜராத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.