தொட்டியில் நான்கு விரால், வாளியில் நான்கு கெண்டை

தண்ணீர் பரிசோதனைத் தொழிலுக்குப் பாட்டில் கழுவத் தெரிந்தால் போதாது, வாய்ச்சண்டை போடவும் தெரிய வேண்டும். ஐஸ் பெட்டியோடு ஆலை வாசலில் காக்கவைக்கப்பட்ட அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி தனி மாவட்டமான புதிதில், விலங்கியல் முதுகலை படித்துக்கொண்டே ஓசூரில் ஒரு சின்ன ஆய்வகத்தில் மாதிரி எடுக்கும் வேலை பார்த்தேன்.

ஆரஞ்சு பாட்டில்

லட்சுமம்மாவுக்கு ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, மூன்று மாடு. ஏரியில் ஓர் ஆலையின் கழிவுக் குழாய் வந்து விழுந்த பிறகு தவளைச் சத்தம் நின்றுபோனது. சினை மாடு இரண்டு தடவை குறைமாதத்தில் கன்று வீசிவிட்டது. கிணற்றுத் தண்ணீரைப் பழைய ஜூஸ் பாட்டிலில் பிடித்து எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பாட்டிலில் ஒட்டிய சாயம் கலந்திருக்கும், இது செல்லாது என்றேன்.

"நாலு தடவ கழுவிட்டேன் பாப்பா, அந்தக் கலரு எங்க கிணத்தோடது."

பிடித்து வைத்த தண்ணீர்

அந்த ஆலையும் எங்கள் வாடிக்கையாளர்தான். சுத்திகரித்த கழிவுநீரை மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும். குழாய் வாயில் நானே பிடிக்க வேண்டும் என்பது விதி. மேற்பார்வையாளர் செல்வம், மதுரைக்காரர், பாட்டிலை நிரப்பி மேசைமேல் தயாராக வைத்திருந்தார். திறந்தால் குளோரின் வாசனை! "இது உங்க கேன்டீன் குழாய்த் தண்ணி சார்" என்று கொட்டிவிட்டுக் கழிவுக் குழாயை நோக்கி நடந்தேன்.

"வெயில்ல அவ்ளோ தூரம் நடக்கணுமேன்னு பரிதாபப்பட்டா, சண்டைக்கு வர்றீங்களே மேடம்!"

வாளி

குழாயருகே ஒரு தொட்டி. சுத்திகரித்த தண்ணீரில் மீன் விட்டு, பார்வையிட வருகிறவர்களுக்குக் காட்டுவது ஆலைகளின் வழக்கம். இங்கே நான்கு விரால். "மீனே வாழுது, அப்புறம் என்ன?" என்றார் செல்வம். விரால் சேற்றிலும் கிடக்கும். மூச்சு முட்டினால் மேலே வந்து காற்றைக் குடிக்கும். கெண்டைக்கு அந்த வித்தை கிடையாது, தண்ணீர் கெட்டால் அது செத்தது. அரைமணி நேரம் வாதாடினேன். அவர் சிரித்தார்.

அடுத்த மாதம் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் போய் நான்கு கெண்டைக் குஞ்சுகளை வாளியில் வாங்கி, கண்டக்டரின் திட்டோடு பஸ்ஸில் கொண்டுவந்தேன். தொட்டிமேல் வாளியைச் சாய்த்ததும் செல்வம் பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டார்.

"அய்யய்யோ, இதுல விடாதீங்க மேடம், பாவம், செத்துப்போயிடும்!"

குறிப்புக் கட்டம்

அந்த வாக்கியத்தை அப்படியே படிவத்தின் 'குறிப்பு' கட்டத்தில் எழுதினேன். ஆய்வக முதலாளி அதை அடித்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார்.

திங்கட்கிழமை கிருஷ்ணகிரியில், ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் லட்சுமம்மா மனு கொடுத்தார், நான் சாட்சி. செல்வம் சொன்னதைச் சொன்னதும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஆலைக்குத் தகவல் சொல்லிவிட்டு ஆய்வுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். லட்சுமம்மா நகரவில்லை.

"சொல்லிட்டு வந்தா விரால்தான் சாமி இருக்கும், சொல்லாம வாங்க, வாளிய நான் எடுத்தாறேன்."

எனக்கு வேலை போயிற்று, வாய் போகவில்லை. அந்த நான்கு கெண்டைகளும் ஏரி தேறும்வரை இடத்தைக் காலி செய்வதில்லை என்று என் விடுதி வாளியில் குடியேறிவிட்டன.