மீன் எண்ணெய் கட்டிய புண்கள்

புண்ணுக்கு மருந்து கட்டுகிறவளுக்கு மூக்கும் இருக்கக்கூடாது, நம்பிக்கையும் இருக்கக்கூடாது. எனக்கு இரண்டும் இருந்து தொலைத்தன. கிளிநொச்சிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் தாதி. ஆறாத புண்களுக்கென்று எங்கள் டொக்டர் ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே சுத்திகரித்த மீன் எண்ணெய் தோய்த்த துணிகள். சிலருக்குச் சதை வளர உதவுகிறதாம், கட்டிப் பார்ப்போம் என்றார். அந்தப் பெட்டியோடு நான் பட்ட பாடு, என்னைப் போல் கத்தரிக்கோலும் துணியுமாய்க் காலம் தள்ளும் உங்களுக்கு விளங்கும்.

கிரந்தி

வட்டக்கச்சியில் இருந்து ஓர் அம்மா வந்தார். அரிவாள் வெட்டிய கை இரண்டு மாதமாய் ஆறவில்லை. புண்ணோடு மீன் தின்றால் கிரந்தி, சீழ் வைக்கும் என்பது எங்கள் ஊர்களில் டொக்டருக்கும் மேலான சட்டம். நான் துணியை எடுத்ததுமே மணம் பிடித்துக் கையை இழுத்துக்கொண்டார். நான் தொண்டை வறள விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மிஸ்ஸி, கிரந்தியெண்டு ரெண்டு மாசமா நானே மீன் தின்னேல்லை. நீங்கள் புண்ணின்ரை வாயிலை மீனைத் தீத்தப் பாக்கிறியளோ?"

வள்ளத்து எண்ணெய்

மீன் எண்ணெய் புண்ணை ஆற்றுதாம் என்ற கதை, பஸ்ஸுக்கு முன்னமே பூநகரிக்குப் போய்விட்டது. அங்கே கடல்தொழில் செய்யும் ஒருவர், திருக்கை முள் குத்திய காலோடு வந்தார். வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெயை ஒரு கிழமையாய்ப் புண்ணில் ஊற்றியிருக்கிறார். கட்டை அவிழ்த்தால் புழு. அது வேறு, இது வேறு என்று நான் சொல்லச் சொல்ல, மருந்தை ஒளித்து வைத்திருக்கிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வள்ளம் இருவது வருசமா உக்கேல்லை மிஸ்ஸி. கால் மட்டும் ஏன் உக்குது?"

ஆறு நாள்

அக்கராயனில் இருந்து வந்த தவராசா அண்ணைதான் எனக்கு நம்பிக்கை தந்தவர். சீனி வருத்தக்காரர், நீரிழிவு. வயலில் நெல்லின் அடிக்கட்டை குத்தி, உள்ளங்கால் குழியாகிவிட்டது. ஆறாவிட்டால் காலை எடுக்கவேண்டும் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். எண்ணெய்த் துணி கட்டி மூன்றாம் கிழமை, குழிக்குள் சிவப்புச் சதை தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு ஆளைக் காணவில்லை. வந்தபோது கால் கறுத்திருந்தது. கந்தசஷ்டி விரதமாம். கட்டை அவிழ்த்து எறிந்து, கழுவி, திருநீறு பூசி, ஆறு நாளும் வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்திருக்கிறார். நான் கத்தினேன். அந்த ஆறு நாளும் என் குசினியிலும் மீன் மச்சம் சமைக்கவில்லை. இவருக்கும் விரதம் இருக்குமே, வேறு மருந்து கட்டுவோம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். அவர் கோபப்படவில்லை.

"முருகனுக்கு முன்னாலை மீன் மணத்தோட நிக்கலாமே, பிள்ளை? நீரே சொல்லும்."

சம்மதம்

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஓட்டோவில் வந்தார். வெட்டிய இடத்துத் தையல் விட்டு, அங்கேயும் புண். அதற்குள் பெட்டி முடிந்திருந்தது. டொக்டரும் மாற்றலாகிப் போய்விட்டார். அண்ணை மிச்சக் காலைத் தானே தூக்கிக் கதிரையில் வைத்தார்.

"இப்ப விரதம் ஒண்டுமில்லை, பிள்ளை. அந்த மீன் எண்ணெயைக் கட்டும்."

நோயாளி சம்மதிக்கிற நாளும் மருந்து இருக்கிற நாளும் ஒன்றாய் வராத தொழிலில், வெறும் துணியைக் கட்டிவிட்டு "ஆறிடும் அண்ணை" என்று சொல்ல மட்டும் நான் நன்றாய்ப் பழகியிருக்கிறேன்.