அரிசிப் பைக்குக் கீழே ஒரு பெயர்

அந்த நாட்களில் லண்டனில் எங்கள் எட்மண்டன் வீட்டுக்கு வருகிற கவுன்சில் கடிதங்கள் எல்லாம் குத்தரிசி மணக்கும்...

சமையலறை அலுமாரியில் பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்று எப்போதும் இருக்கும். பெயர் எழுதி அனுப்பச் சொல்லி எந்தப் படிவம் வந்தாலும் இவர் அதை இரண்டாக மடித்து அந்தப் பைக்குக் கீழே தள்ளிவிடுவார். வோட்டர் லிஸ்ட் படிவம் வருடா வருடம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

"நிரப்பி அனுப்புவமே?" என்று கேட்டால், "பிறகு பாப்பம்" என்பார். விடாமல் கேட்டால் மட்டும், "லிஸ்டிலை ஏறின பேரை இறக்கேலாதப்பா" என்பார்.

ஊரில் சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் வீடு வீடாக வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு ஒருநாள் சந்தியில் வைத்து அந்த லிஸ்டை வாசித்து ஆட்களைக் கூப்பிட்டார்கள். இவருடைய தம்பியையும் கூப்பிட்டார்கள். அவன் திரும்பி வரவில்லை. இது தெரிந்துதான் நானும் கனகாலம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

ஆனால் நான் பிடிவாதக்காரி என்பது உங்களுக்குத் தெரியாததா!

வாடகை வீடு. கேஸ் பில் வீட்டுச் சொந்தக்காரர் பெயரில். டெலிபோன் இவருடைய சிநேகிதர் பெயரில்... இந்த ஊரில் ஒரு காகிதத்திலாவது எங்கள் இரண்டு பேருடைய பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டுமே என்று எனக்கு ஆசை. விசா இருந்தால் இலங்கைக்காரருக்கும் இங்கே வோட்டு உண்டு என்று வேலையிடத்தில் ஒரு அக்கா சொல்லியிருந்தார். அப்போதெல்லாம் வீட்டில் ஒருவர் கையெழுத்து வைத்தாலே போதும். இவர் ஷிப்டுக்குப் போன ஒரு காலையில் பையைத் தூக்கிப் படிவத்தை எடுத்தேன். இரண்டு பெயரையும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன்.

குளிர் முடிகிற நேரம் லண்டன் மேயர் தேர்தல் வந்தது. கூடவே இரண்டு வோட்டு அட்டைகளும் வாசலில் வந்து விழுந்தன. இவர்தான் எடுத்தார். தன் பெயர் அச்சில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு கோட்டைக் கூடக் கழற்றாமல் நின்றார்.

சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். இவரோ இரண்டு நாள் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார்... என்னோடு ஒரு கதையில்லை. ஏன்தான் செய்தேனோ என்று குளியலறைக்குள் நின்று அழுதேன்.

மூன்றாம் நாள் தேத்தண்ணியோடு வந்து கேட்டார்.

"அந்த வோட்டுப் போடுற பள்ளிக்கூடம் எத்தினை மணிக்குத் திறக்கும்?"

"காலமை ஏழு மணிக்காம்."

"என்ரை நீலச் சேர்ட் எங்கை?"

எங்கள் மகள் துளசிக்கு அப்போது ஏழு வயது. அவளுடைய பள்ளிக்கூட ஹோலில்தான் வாக்குச்சாவடி. தேர்தல் நாளில் அவளும் எங்களோடு வந்தாள். சின்னச் சின்னக் கதிரைகள், நூலில் கட்டிய பென்சில், சுவரில் பிள்ளைகள் கீறிய படங்கள். மேசையில் பெயரைக் கேட்டார்கள். இவர் மெல்லச் சொல்லி, சீட்டை வாங்கி, மடித்துப் பெட்டிக்குள் போட்டார். போட்டுவிட்டு நேரே மேசைக்கு வந்து இடது கைச் சின்ன விரலை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஊரில் வோட்டுப் போட்டால் அந்த விரலில் மை பூசுவார்கள். இங்கே மையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. மேசையில் இருந்த நரைத்த தலை வெள்ளைக்கார அம்மாவுக்கு இது எப்படித் தெரியும்? விரலைப் பார்த்தார். இவருடைய முகத்தைப் பார்த்தார். "ஹேவ் யூ ஹர்ட் இட், லவ்?" என்று கேட்டார்.

இவருக்கு என்ன விளங்கியதோ, "யெஸ், யெஸ்" என்றார்.

அந்த அம்மா காயம் என்றே நினைத்துவிட்டார். கைப்பையைக் கிண்டி ஒரு பிளாஸ்டரை எடுத்தார். எழும்பி வந்து, இவருடைய விரலைப் பிடித்து மெல்லச் சுற்றிவிட்டார்.

வீடு வரும்வரை நானும் துளசியும் விழுந்து விழுந்து சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை. கேற்றடியில் நின்று விரலைப் பார்த்தபடி சொன்னார்.

"பேரைக் கேட்டிட்டு மருந்து கட்டிவிட்ட ஆக்களை இப்பதான் பாக்கிறன்."

எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அந்தப் பிளாஸ்டரை மூன்று நாள் நனையாமல் வைத்திருந்தார். அதற்குப் பிறகு படிவம் வந்தால் எனக்குத் தரவே மாட்டார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிய எழுத்தில் தானே நிரப்புவார்.

துளசி கலியாணம் கட்டி நியூயோர்க்கில் இருக்கிறாள். இந்த வருடம்தான் அங்கே சிட்டிசன் ஆனாள். அடுத்த மாதம் மேயர் தேர்தல், அவளுக்கு அங்கே முதல் வோட்டு. சனி ஞாயிறில் வீடு வீடாகப் போய் ஆட்களை லிஸ்டில் பதியச் சொல்கிறாளாம். நேற்றுப் போனில் சொன்னாள்.

"அம்மா, ஒரு தமிழ் அங்கிள், டீ எல்லாம் தந்தார். ஆனா ஃபோர்மை எடுத்ததும், 'பேரை மட்டும் கேக்காதை பிள்ளை' எண்டிட்டார். அப்பா மாதிரியே அம்மா..."



"பிளாஸ்டர் கதையைச் சொன்னனியே?" என்று கேட்டேன்.

"ஓம், சொன்னனான். சரியாச் சிரிச்சார். நெக்ஸ்ட் வீக் வரச் சொன்னவர்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். இவர் எங்களை விட்டுப் போய் நான்கு மாதம்... எங்கேயோ முகம் தெரியாத ஒருவரை இவர் இன்னும் வோட்டுப் போடக் கூட்டிக்கொண்டு போகிறார்.

பிறகு துளசி கேட்டாள். "அம்மா, உங்கடை கவுன்சில் ஃபோர்ம் அனுப்பியாச்சோ?"

போன கிழமை வந்தது. எங்கள் இரண்டு பேருடைய பெயரும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து வந்திருக்கிறது. இப்போது வீட்டில் இல்லாதவரின் பெயரை வெட்டி அனுப்ப வேண்டுமாம். ஏறின பெயரை இறக்கேலாது என்று எத்தனை வருடம் பயந்தார்... இங்கே அதற்கு ஒரு கோடு போதும்.

பேனாவை இரண்டு தரம் எடுத்தேன்.

"பிறகு பாப்பம்" என்று மகளுக்குச் சொன்னேன்.

ஒரு ஆளுக்கு இப்போது ஐந்து கிலோ அரிசிதான் வாங்குகிறேன். படிவம் அந்தப் பைக்குக் கீழே இருக்கிறது.