அடுப்படிக்குக் கண்ணாடிக் கதவு

அம்மா மனைப்பலகைமேல் ஏறி நின்று குழம்பு கிண்டியதைப் பார்த்தபோதுதான், அடுப்படியை மாற்றிக் கட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. மறுநாளே கறம்பக்குடியிலிருந்து ஒரு கான்ட்ராக்டரை அழைத்துவந்தேன்.

சலவைச் சட்டை, இடுப்பில் டேப். பேசும்போதெல்லாம் டேப்பை இழுத்து இழுத்து விட்டாரே தவிர, எதையும் அளக்கவில்லை. பட்ஜெட்டில் பாதியைக் கண்ணாடிக் கதவுகளுக்கே ஒதுக்கினார்.

“மேடை ஒசரமா இருக்குங்க, தோளு வலிக்குது,” என்றார் அம்மா.

“அது கெடக்கட்டும்க்கா. தம்பிக்குப் பொண்ணு குடுக்க வாரவுக ஒங்க தோளையா பாக்கப்போறாக? ஹால்ல ஒக்காந்தா கதவுல்ல தெரியணும்,” என்றார், என்னைக் காட்டி.

இந்த மனிதரை நம்பி எத்தனை வீட்டில் அடுப்படி கட்டினார்களோ!

அவரை வேண்டாமென்று அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேறொரு கொத்தனார் வருகிறார். அம்மாவை வெறுந்தரையில் நிற்கவைத்து, முழங்கைக்குக் கீழே சுவரில் கோடு கிழித்து, மேடையை அந்த அளவுக்கு இறக்கிக் கட்டச் சொல்லப்போகிறேன்.