கொட்டிக்கிழங்குத் தொட்டி

மண்ணரையில் இப்போது குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் மழையில் நனைந்த சேற்றின் வாசம், சொந்த ஊர் கொமரலிங்கத்துக் குட்டையை நினைவில் எழுப்பியது. அங்கே கொட்டி என்ற நீர்ச்செடியின் இலைகள் நெருக்கமாக மிதக்க, வெள்ளைக் கதிர்ப்பூக்கள் தலைநீட்ட, எருமைகள் மூச்சுவிடும் ஓசை பகலெல்லாம் கேட்கும். சிறுவனாக இருந்தபோது, நீர் வற்றிய ஒரு கோடையில், குட்டையைச் சுத்தமாக்குவதாக எண்ணி, கிழங்குகளையெல்லாம் பிடுங்கிக் கரையில் வரிசையாக அடுக்கினேன்.

"களைன்னா நெனச்சே கண்ணு? இனிப் பூவுக்கு எங்க போவே?" என்றார் எருமை மேய்த்த அக்கா.

குட்டை இப்போது வீட்டுமனை. மண்போட்டு மூடும் முன் தேடியெடுத்த ஒரே கிழங்கு இந்தத் தொட்டியில் இருக்கிறது.

"ஏனுங்க, வெறுஞ் சேறுதானுங்க, வீசிரலாமுங்களா?" என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இன்று இரண்டு பச்சை முனைகள் தெரிந்தன. ஒன்று புல்லாக இருக்கலாம். பிடுங்கப்போன விரலை மடக்கிக்கொண்டேன்.