டெக்ஸாஸ் பூட்ஸும் தாய்லாந்து வாத்தியாரும்

டல்லாஸ் ஏர்போர்ட்டிலிருந்து நான் காரில் கூட்டிவந்த தாய்லாந்து வாத்தியார் நாற்காலியோடு நகர்ந்துகொண்டே இருக்கிறார். காரணம் எதிரே இருக்கும் எங்கள் காலேஜ் துறைத் தலைவர் பாப். சுழல் நாற்காலியில் சாய்ந்து, மேஜை மேல் காலைப் போட்டிருக்கிறார். பூட்ஸின் அடிப்பக்கம் நேராக வாத்தியார் முகத்தைப் பார்க்கிறது. தாய்லாந்தில் இதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாதாம். நம்ம ஊரில் மட்டும் இதற்கு மாலையா போடுவார்கள்?

வாத்தியார் ஜன்னல் பக்கம் ஒதுங்குகிறார். பாப் பேசிக்கொண்டே அங்கே திரும்ப, பூட்ஸும் கூடவே திரும்புகிறது. வாத்தியார் சிரித்த முகம் மாறாமல் கதவுப் பக்கம் நகர்கிறார். அவர் ஊர் ஆசிரியர்கள் வருஷா வருஷம் இங்கே வந்து படிக்க, பாப் இன்றைக்குச் சரி சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறார். எனக்கு மார்க் போடுகிறவரும் பாப்தான். காலை இறக்குங்க என்று நானா சொல்வேன்?

பாப் முகம் சுருங்குகிறது. "என்னப்பா, இவருக்கு நம்ம காலேஜ் பிடிக்கலையா? கதவுகிட்டயே போறாரு?"

"அதில்ல சார்... உங்க பூட்ஸ்..." என்று இழுக்கிறேன்.

"அட, பூட்ஸா! முதல்லயே சொல்றதுக்கென்ன?" பாப் இரண்டையும் உருவி வாத்தியார் மடியில் வைக்கிறார். "வச்சுக்கோங்க, டெக்ஸாஸ் கிஃப்ட்! டீச்சர்ஸையும் தாராளமா அனுப்புங்க."

வாத்தியார் கைகூப்புகிறார். பாப் நிம்மதியாகக் கால்களை மறுபடி மேஜை மேல் தூக்கிப் போடுகிறார். சாக்ஸ் ஓட்டை வழியே கட்டைவிரல் எட்டிப் பார்க்கிறது.

வாத்தியார் பூட்ஸை அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்கிறார்.