சாமல்பட்டிக்குப் போட்ட போன்

கெசியாவுக்கு வாய் நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவரும் ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நான் பாகங்களைப் பெட்டியில் அடுக்குகிறவள். அவள் அதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, தேறியது தேறாதது என்று பிரிக்கிறவள். ஒரு கீறல் கண்ணில் பட்டால் அந்த நிமிடமே மேலே சொல்லிவிட வேண்டும் என்பது அவள் வேலையின் சட்டம். பதினோரு வருடமாக அதையே செய்து அவள் சுபாவமும் அப்படியே ஆகிவிட்டது. என் புடவையில் ஒரு கறை இருந்தால் எனக்குத் தெரிவதற்கு முன் கேன்டீனுக்கே தெரிந்துவிடும்.

பள்ளிக்கூட நாளில் கராத்தே படித்தவள். கறுப்புப் பெல்ட் வாங்குவதற்குள் கழுத்தில் தாலி ஏறிவிட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மூன்று வருடத்துக்கு முன்னால், ஷிப்ட் முடிந்து போகிற பெண்கள் எல்லாரும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தலை குனிந்து நடப்பதைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. சர்ச் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையைக் கேட்டு வாங்கி, ஞாயிறு மாலை வகுப்பு ஆரம்பித்தாள். முதல் வாரம் நாலு பேர். அதில் நான் ஒருத்தி, அதுவும் அவள் இழுத்துக்கொண்டு போனதால்.

முதல் பாடம் கத்துவது. அவள் "கத்துங்கடி" என்றால் நாங்கள் சிரிப்போம். எட்டு மணி நேரம் வாய் திறக்காமல் வேலை செய்து பழகியவர்களுக்குச் சத்தம் எங்கிருந்து வரும்? தளியிலிருந்து வந்த ஒரு பெண், கன்னடத்தில் கத்தலாமா என்று கேட்டாள். "தெலுங்குல வேணாலும் கத்து. நாலு பேரு திரும்பிப் பாக்கணும், அவ்வளவுதான்" என்றாள் கெசியா. அப்புறம் கையைப் பிடித்தால் விடுவிப்பது. பிடித்தவனின் கட்டைவிரல் இருக்கிற பக்கமாகத் திருகி இழுக்க வேண்டும், அங்கேதான் பிடி தளர்ந்திருக்கும். ஆட்டோவில் ஏறும் முன் நம்பரைப் போட்டோ எடுத்துத் தோழிக்கு அனுப்புவது. ஒருவன் பின்னாலேயே வந்தால் ஹாஸ்டல் பக்கம் போகாமல் கூட்டம் உள்ள கடைக்குள் நுழைவது. இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் சொல்லிக் கொடுத்தாள். போன வருடம் பதினெட்டுப் பேர் வந்தோம்.

அதில் ஒருத்தி பிரவீனா. சாமல்பட்டிப் பெண், இருபது வயது, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தாள். ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில், ஒரு வாரமாக பைக்கில் பின்தொடர்ந்தவன் அவள் கையைப் பிடித்தான். பிரவீனா கட்டைவிரல் பக்கம் திருகி இழுத்தாள். கத்தினாள். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அவன் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினான். கெசியா அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தாள். பைக் நம்பர் இருந்ததால் மறுநாளே ஆள் பிடிபட்டான்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நம் ஆளுக்குத்தான் வாய் நிற்காதே! சந்தோஷம் தாங்காமல் பிரவீனாவின் அப்பா கந்தனுக்குப் போன் போட்டாள். "அண்ணா, இந்த மாதிரி ஒருத்தன் வம்பு பண்ணான். உங்க பொண்ணு விட்டா பாருங்க! பெருமைப்படணும் நீங்க" என்றாள்.

அவர் பெருமைப்படவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து, பெண்ணைப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது பிரவீனா கேட்டது ஒன்றுதான். "ஏங்க்கா சொன்னீங்க?"

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு ஐந்து பேர் வந்தோம். மற்றவர்களுக்கு ரோட்டில் போகிறவனைவிடக் கெசியாவின் போன்தான் பெரிய பயமாகிவிட்டது. "வீட்டுக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்னு உனக்குத் தெரியாதா? அது என்ன, நீ பிரிச்சு வைக்கிற பாகமா, உடனே மேல சொல்றதுக்கு?" என்று நானே அவளைப் பிடித்துக் கத்தினேன். அவள் சொல்லிக்கொடுத்த கத்தல்தான். அவள் கொட்டகைத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பத்து நாள் வராவிட்டால் கம்பெனியில் பேரை எடுத்துவிடுவார்கள். எட்டாம் நாள் நாங்கள் இருவரும் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை என்று பஸ் மாறி மாறிச் சாமல்பட்டி போய்ச் சேர்ந்தோம். கந்தன் வாசலில் நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். அவர் மனைவி நாகம்மா ஒரு ஓரமாக நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பிரவீனா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"தப்பு என்னோடதுண்ணா. அவ வேலைய மட்டும் கெடுத்துடாதீங்க" என்றாள் கெசியா.

"உன்னைக் குத்தம் சொல்லலம்மா. அந்த ஊரு சரியில்ல. இங்க என் கண்ணு முன்னால இருந்தா எவன் என்ன பண்ணுவான்?"

அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. காபி வந்தது, குடித்தோம். கெசியா கடைசியாக, "அவ எப்படித் தப்பிச்சான்னாவது பாருங்கண்ணா" என்று பிரவீனாவை வெளியே கூப்பிட்டாள். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பிரவீனா ஒரு திருகில் உருவிக்கொண்டாள். கந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, கெசியாவிடம் நீட்டினாள்.

"எனக்கும் சொல்லிக்குடு."

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"சந்தைக்குக் கூடை தூக்கிட்டுப் பஸ்ல போறேன் இல்ல? ரெண்டு கையும் கூடையில இருக்கும். இருவது வருசமா எத்தனை பேரு."

கந்தன் நிமிர்ந்தார். "என்ன சொல்ற நீ? எங்கிட்ட ஏன் சொல்லல?"

நாகம்மா குரலை உயர்த்தவில்லை. "சொல்லியிருந்தா மறுநாளு என்னைச் சந்தைக்கு விட்டிருப்பியா?"

கெசியாவின் வாய் நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். நாகம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரல் பக்கம் எது என்று தொட்டுக் காட்டினாள். முதல் தடவை வரவில்லை. மூன்றாவது தடவை வந்தது.

கந்தன் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். பிரவீனாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்குது" என்றார்.